உப்பு தின்ற பேரிங்

“கிரீஸ் வெச்சாலே போதும் பெரியவரே” என்றான் மெக்கானிக் ரஞ்சித்.

“புது பேரிங்கே போடு. கழட்டினதை என் கையில குடு” என்றார் அரிகிருஷ்ணன். யாரையும் நம்பிப் பழக்கமில்லாத மனுஷர்.

மரக்காணத்தில் வாங்கிய பழைய படகு. அதைச் சுமந்து வந்த டிரெய்லரின் சக்கரப் பேரிங்கைக் கடல் உப்பு தின்றிருந்தது.

“செஞ்சியில மலைதான் இருக்குது. படகு இன்னாத்துக்கு?”

“கோட்டை மேல ஓட்டத்தான். வேலையப் பாருடா.”

போனில் மனைவி மங்கை கத்தினாள். “மணிமொழி புது வூட்ல பால் காய்ச்சிட்டாங்க. அப்பன் வூட்டு சீர் எங்கன்னு சம்பந்தி கேக்கறாங்க. மானம் போவுது!”

“வரேன்டி.”

சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. டிரெய்லரை டிராக்டரில் பூட்டி, நேரே மகளின் புது வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். படகுக்குள் பழத்தட்டும் பட்டுப்புடவையும் இருந்தன.

“இன்னா மாமா இது?” மருமகன் பார்த்திபனின் முகம் சுருங்கியது.

“சீர்தான் மாப்ளே. ஏரிக்குள்ள போட்ட மனைய வாங்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கினேன், நீங்க கேக்கல. பீரோ குடுத்தா அடுத்த மழையில முழுகிடும். இது என் பொண்ணை ஏத்திக்கினு மிதக்கும்.”

மணிமொழி படகின் கயிற்றை வாங்கி, புது வீட்டுத் தூணில் இறுகக் கட்டினாள்.