கரண்டியில் தாளாளர்

"பேரெல்லாம் போர்டுல வேணாம் மிஸ். தலைப்ப எழுதுங்க" என்றாள் முதல் பெஞ்சு மதிவதனி. தன் பெயரில் பாதியை எழுதிவிட்டிருந்த மாரிசெல்வி அதை அழித்துவிட்டு, 'வளைந்த ஆடிகள்' என்று எழுதினாள்.

ஒன்பதாம் வகுப்புக்கே இவ்வளவு வாய் என்றால் பத்தாம் வகுப்பு எப்படி இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சிரித்துவைத்தாள். கடைசி பெஞ்சில் பள்ளியின் தாளாளர் பகலவன் மடியில் ஒரு ஃபைலுடன் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலவன் முன்பு படப்பையில் மனை விற்றுக்கொண்டிருந்தவர். விலைபோகாத மனைகளில் பள்ளிக்கூடத்தைக் கட்டிக் கல்வித் தந்தை ஆகிவிட்டார். 'இயற்பியல் ஆசிரியர் தேவை' என்று ஷேர் ஆட்டோ முதுகிலெல்லாம் அவர் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் மாரிசெல்வி ஃபோன் செய்தாள்.

"மொதல்ல ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டுங்கம்மா. வளைஞ்ச கண்ணாடி பாடம். நல்லா எடுத்தீங்கன்னா வேல உங்களுக்குத்தான்" என்றார் பகலவன்.

சங்கரன்கோவிலிலிருந்து எம்.எஸ்சி., பி.எட். பட்டங்களோடு வந்தவளுக்கு ஒரகடம் தொழிற்பேட்டை கொடுத்திருந்தது, கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடியில் கீறல் தேடும் வேலை. காலையில் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டபோது, "இன்னிக்கு லைனுக்கு வரலன்னா நாளைலேருந்து வேற ஆளு" என்றுவிட்டார் சூப்பர்வைசர். அப்படியும் துணிந்து வந்திருந்தாள். இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

பையிலிருந்து, ஹாஸ்டல் சமையல்கட்டில் கெஞ்சி வாங்கிவந்த எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்தாள். தூங்கி வழிந்த வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சாம்பார் ஊத்துறதுக்கு மட்டும் இல்ல இது. உள்பக்கம் கான்கேவ், அதாவது குழி ஆடி. பின்பக்கம் கான்வெக்ஸ், குவி ஆடி. உள்பக்கத்துல ஒங்க மூஞ்சியப் பாருங்க."

கரண்டி பெஞ்சு பெஞ்சாகப் போனது. "மிஸ், நான் தலகீழா கீறேன்" என்றான் கார்முகில். "எப்பவும் அப்டித்தான்டா கீற" என்றாள் மதிவதனி.

கடைசியாகக் கரண்டி தாளாளரிடம் போய்ச் சேர்ந்தது. தலைகீழாகத் தெரிந்த மீசையை அவர் தடவிவிட்டுக்கொண்டார். பின்பக்கத்தைத் திருப்பினார், நேராகத் தெரிந்தார், ஆனால் சுண்டைக்காய் அளவுக்கு. அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கரண்டியை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அந்தப் பின்பக்கம் மாதிரிதான் ஷேர் ஆட்டோவோட சைடு கண்ணாடியும். உருவத்தச் சின்னதாக்கிக் காட்டும், அதனால ரோடு நெறையத் தெரியும். கம்பெனி பஸ் எங்கயோ தூரத்துல வர்ற மாதிரி இருக்கும், ஆனா பக்கத்துல வந்திருக்கும். பாத்துக்கிடுங்க."

"மேடம், அப்டியே அந்த ஃபார்முலாவும் ஒரு கணக்கும் போட்டுடுங்க" என்றது கடைசி பெஞ்சு. தாளாளரே கணக்குவரை கேட்கிறார் என்றால் பிடித்துப்போய்விட்டது என்றுதானே அர்த்தம். மாரிசெல்வி உற்சாகமாகப் போர்டை நிரப்பினாள்.

"இந்த மைனஸ் எங்கேந்து வந்துச்சு மிஸ்?" என்றான் கார்முகில். ஆடிக்கு முன்னால் அளக்கிற தூரமெல்லாம் மைனஸ், பின்னால் அளப்பது பிளஸ் என்று படம் போட்டு, அவன் தலையாட்டும்வரை விடாமல் சொன்னாள்.

பெல் அடித்தது. பிள்ளைகள் யாரும் எழுந்திருக்கவில்லை. "அடுத்த பீரியடும் நீங்களே எடுங்க மேடம்" என்றார் பகலவன்.

மாரிசெல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மெய்பிம்பம், மாயபிம்பம், பல் டாக்டர் வைத்திருக்கும் கண்ணாடி, பாடத்தின் பின்னால் இருந்த கேள்விகள் என்று குரல் கட்டும்வரை நடத்தினாள். வீட்டுப்பாடமும் கொடுத்தாள்.

பகலவன் எழுந்து கைதட்டினார். "என் சர்வீஸ்ல இப்டி ஒரு கிளாஸ் பாத்ததில்ல மேடம்" என்றார். மனை வியாபாரத்தில் எத்தனை வகுப்பு பார்த்தாரோ, அது அவருக்கே வெளிச்சம். "கமிட்டில ஒரு வார்த்த பேசிட்டு ஃபோன் பண்றேன்" என்று செல்ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

மாரிசெல்வி கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். சூப்பர்வைசருக்கு இனி பயப்பட வேண்டியதில்லை. ஊருக்குப் பேசி, டீச்சர் ஆகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லலாம். வாசலைத் தாண்டுவதற்குள் மதிவதனி பாடப்புத்தகமும் பென்சிலுமாக ஓடிவந்து வழிமறித்தாள்.

"என்ன, கையெழுத்தா? வேலையில சேந்துக்கிடுதேன், பெறவு போட்டுத் தாரேன்" என்றாள் மாரிசெல்வி. சந்தோஷத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

மதிவதனி புத்தகத்தை விரித்து நீட்டினாள்.

"எதுவரைக்கும் நடத்துனீங்கன்னு குறிச்சுக் குடுங்க மிஸ், நாளைக்கு டெமோவுக்கு வர்ற சார் கேப்பாரு."