க்ரீவ்ஸ் எடுக்காத ஆள்

"பதினொரு வருஷம். எண்பத்தாறு பசங்க. அதுல உருப்பட்டது பத்தொன்பது பேர்!" ரஸ்கின் ஃபைலை மேசையில் விட்டெறிந்தார். "இவனா நமக்கு ஆள் பொறுக்கப் போறான்?"

ரஸ்கின், டொலீடோ நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளி. ஆளோடு ஆள் முட்டி மோதி ஆடுகிற ஆட்டம் அது. எதிரே கால்வின். கல்லூரி கல்லூரியாகப் போய் நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக.

பேச்சு ஓரின் க்ரீவ்ஸைப் பற்றி. இன்னொரு அணியில் இதே வேலைக்குத் தலைவராக இருந்தவர். போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுபதை நெருங்கும் வயது. இங்கேயும் கதவு சாத்தினால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

"பத்தொன்பது மோசமில்ல சார். அஞ்சுக்கு ஒண்ணு தேறினாலே பெரிசு."

"சரி, அதை விடு. மைக்கா விஷயம்?"

கால்வின் மேசையில் சிதறிய ஃபைலை எடுத்து அடுக்கினார்.

"க்ரீவ்ஸ் வீட்டுலேர்ந்து இருபது நிமிஷத்துல இருக்கு மைக்கா படிச்ச காலேஜ். நாலு வருஷம் மைக்காவைப் பார்த்திருக்கான். அணிகள் எல்லாம் வரிசையா ஆள் எடுக்கிற அன்னிக்கு, தன் முறை வந்ததும் வேற எவனையோ எடுத்தான். அடுத்த முறை நமக்கு. கொத்திக்கிட்டு வந்தோம். அஞ்சு வருஷம் எதிராளி ஒருத்தன் மைக்காவைத் தாண்டியிருப்பானா? கையில கிடைச்ச புதையலை விட்டவனை நான் எப்படி நம்புறது?"

"ஏதாவது காரணம் இருக்கலாம் சார்."

"நியாயமான காரணம் ஒண்ணு சொல்லு. அன்னிக்கே ஆர்டர் அடிச்சுத் தர்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

மறுநாள் கால்வின் யங்ஸ்டவுனில் இருக்கும் மைக்காவின் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போனார். மைக்கா ஆட்டத்தை விட்டு நாலு வருஷம் ஆகிறது. 'குடும்பக் காரணம்' என்றுதான் பத்திரிகைகளில் வந்தது.

கதவைத் திறந்தது அவன் அம்மா வெர்னா.

சமையலறை அலமாரிகளில் எல்லாம் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. தட்டு. கோப்பை. ஒரு கதவில், 'இது வெளியே போகிற வழி இல்லை.'

மேசையருகே மைக்கா உட்கார்ந்திருந்தான். முப்பத்தொரு வயசு. கால்வினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கோச், பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்குடா கண்ணு," என்றாள் வெர்னா. கால்வினிடம் திரும்பினாள். "காலையிலேர்ந்து இது பதினஞ்சாவது தடவை. சில நாள் என்னையே யாருன்னு கேக்குறான்."

கால்வின் தொண்டையைச் செருமினார். "க்ரீவ்ஸ் விஷயமா வந்தேம்மா. அப்போ இவரை ஏன் எடுக்காம விட்டார்னு..."

"எடுக்கக் கூடாதுன்னுதான் விட்டாரு சார். காலேஜ் கடைசி வருஷம், ஒரு மேட்ச்ல மோதி விழுந்து எழுந்தவன், நேரா எதிர் டீம் பெஞ்சில போய் உட்கார்ந்துட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு ஒருத்தர்தான் சிரிக்கல. டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனாரு. இனிமே தலையில அடிபட்டா மூளை தாங்காதுன்னுட்டாரு டாக்டர்."

"இவரு கேக்கலையா?"

"இவன் எங்க கேட்டான்? நானே கேக்கலையே! எம்புள்ள வாழ்வைக் கெடுக்க வந்தியான்னு அந்த மனுஷன் மூஞ்சியில கதவைச் சாத்தினேன். நாசமாப் போன்னு சபிச்சேன்."

"கோச், பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்குடா." வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வாரா வாரம் ஞாயித்துக்கிழமை அவருதான் வந்து இவனுக்கு ஷேவ் பண்ணி விடுறாரு. வேற யார் கத்தியை எடுத்தாலும் அலறுவான். அவருக்கு மட்டும் முகத்தைக் காட்டுவான்."

"இதை அவர் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே?"

"தெளிவா இருந்த ஒரு நாள்ல, 'என்னை இப்படி யாருக்கும் காட்டிக் குடுக்காதீங்க'ன்னு மைக்கா கேட்டுக்கிட்டான். அன்னிலேர்ந்து அவரு வாயைத் திறக்கல. வேலை போனப்போ கூட." வெர்னா கால்வினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க சார். தாராளமா சொல்லுங்க. பெத்தவ நான் சம்மதிக்கிறேன். அந்த மனுஷனுக்கு நான் செய்யக்கூடியது இது ஒண்ணுதான்."

கால்வின் தலையை ஆட்டினார்.

"அப்பவே ஒவ்வொரு டீமுக்கும் போன் போட்டு, இந்தப் பையனை எடுக்காதீங்க, செத்துப் போவான்னு கெஞ்சியிருக்காரு. உங்க டீமுக்கும் பேசினாராம். எவன் எடுத்தானோ அந்தப் போனை!"

கால்வின் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ரஸ்கின் அவசரத்தில் இருந்தார். கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன ஆச்சு? மைக்காவை ஏன் விட்டானாம்?"

கால்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பயிற்சி மைதானத்தில் புதுப் பசங்க தலைக்குத் தலை மோதிக்கொண்டிருந்தார்கள்.

"பெரிசா காரணம் ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம்?"

"ஆளைக் கணிக்கத் தெரியல. அவ்வளவுதான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" ரஸ்கின் பட்டியலில் க்ரீவ்ஸ் பெயரை அடித்துவிட்டு, பேனாவை மூடினார்.

கால்வின் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், "மைக்காவை அடுத்த சுத்துல நீயே எடுத்துக்கலாம்னு எங்களைப் பயமுறுத்துறியா க்ரீவ்ஸ்?" என்று சிரித்தபடி போனை வைத்தது, இதே நாற்காலியில் உட்கார்ந்துதான்.