ஊரெல்லாம் பச்சை

பாதாளச் சாக்கடைக் கண்காணிப்பு அறையில், சுவர் நிறைந்த திரையை ஆணையருக்குப் பெருமையோடு காட்டினார் பொறியாளர்.

“நாற்பது மேன்ஹோல், நாற்பது சென்சார் சார். தண்ணி ஏறினா அந்த நொடியே சிவப்பு எரியும். மூணு மாசமா ஊரெல்லாம் பச்சைதான்!”

ஆணையர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கதவடியில் கறுப்பாகக் கசிந்து வந்த தண்ணீர் அவர் ஷூவை நனைத்தது.

“அப்ப இது என்னய்யா?”

பொறியாளர் திரையைப் பார்த்தார். பச்சை. பின்னால் நின்ற ஃபோர்மேன் பக்கம் திரும்பி, “நம்ம வாசல் சென்சார் எங்கேய்யா?” என்று கத்தினார்.

ஃபோர்மேன் பீரோவைத் திறந்தார். நாற்பது சென்சாரும் உள்ளே பளபளவென்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“ஒண்ணு பழுதானாலும் என் வேலை போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதான் ஒண்ணைக்கூட சாக்கடையில இறக்கல.”