சிங்கத்துக்கு மேலே

அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

சிங்கத்துக்கு மேலே மகாராணியின் முடி இருந்தது.

இருக்கக்கூடாது.

இலங்கை குடியரசாகி நாலு நாள். மகாராணி போய்விட்டார், அவரோடு முடியும் போய்விட்டது. புதிய இலச்சினையில் அந்த இடத்தில் ஒரு சக்கரம். கீழே நாட்டின் பெயரை மூன்று மொழியிலும் எழுதியிருந்த நாடாவையும் எடுத்துவிட்டார்கள். பழைய இலச்சினை போட்ட தாளில் கட்டளை வந்தால் ஏற்க வேண்டாம் என்று ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. மறியற்சாலைக் கந்தோரின் அலுவலர்களில் அதைக் கடைசி வரிவரை படித்த ஒரே பிறவி அவர்தான்.

கையில் இருந்தது கதிரித்தம்பியைத் தூக்கிலிடும் கட்டளை.

நாளை மறுநாள், காலை எட்டு மணி.

அவர் அங்கே தலைமை இலிகிதர், கடிதங்களும் கோப்புகளும் அவர் பொறுப்பு. உத்தியோகத்தில் சேர்ந்தபோது தாளின் உச்சியில் தென்னைகளுக்கு நடுவே யானை நின்றது. பிறகு சிங்கம் வந்தது. சிங்கம் வந்து இரண்டு வருடத்தில் சிங்களம் படிக்கச் சொன்னார்கள். நரை விழுந்த பிறகு அரிச்சுவடி எழுதிச் சோதனை பாசானார். இலச்சினை மாறும்போதெல்லாம் அலுமாரியில் தாள்களை மாற்றி அடுக்கிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

கதிரித்தம்பி வேலிச் சண்டையில் மனைவியின் அண்ணனை வெட்டியவன். ஒரு முழ நிலம். மனைவி போன கிழமை வந்து கம்பிக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாள். கயிற்றின் நீளத்துக்காக எடையும் பார்த்தாயிற்று. அவன் அமைதியாக இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், காவலர்களிடம் மழை பெய்ததா என்று விசாரித்தான்.

குடியரசு வந்த சந்தோஷத்தில் தூக்குக் கைதிகளுக்கு மன்னிப்பு வரும் என்று ஊரெல்லாம் கதை.

கொஞ்ச நாள் கிடைத்தால் போதும்.

அவர் எழுதினார். ‘பழைய இலச்சினை காரணமாகத் திருப்பி அனுப்பப்படுகிறது.’ மறியற்சாலையின் மேலதிகாரியான அத்தியட்சகர் வாசித்துவிட்டுச் சிரித்தார். சட்டம் சட்டம்தானே என்று ஒப்பமிட்டார்.

இலிகிதரே போய்க் கதிரித்தம்பியிடம் சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினெட்டு நாள் போயிற்று.

மன்னிப்பு வரவில்லை. கதையும் ஓயவில்லை.

அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை புதிய தாள் வந்தது.

சிங்கத்துக்கு மேலே சக்கரம். நாளைக்கு, எட்டு மணி.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் சரி. தகப்பன் பெயர் சரி. வழக்கு எண் சரி.

ஒப்பத்துக்குப் பக்கத்தில் வட்ட முத்திரை. அதற்குள்ளே, மங்கலாக, முடி.

தாளை மாற்றியவர்கள் முத்திரையை மாற்றவில்லை.

தாளெடுத்து, ‘பழைய முத்திரை காரணமாக’ என்று தொடங்கினார். பாதியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். முதலில் அவனிடம் சொல்ல வேண்டும்.

காலடிச் சத்தம் கேட்டதும் கதிரித்தம்பி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அவருக்கு ஆளையே தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. காலையில் மறுபடி எடை பார்த்ததில் பதினொரு இறாத்தல் குறைவு என்று காவலர் சொன்னார். ஒவ்வொரு விடியலிலும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பானாம். எட்டு மணி கடந்தால்தான் உட்காருவானாம்.

“இதிலையும் ஒரு பிழை கிடக்கு, தம்பி. திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டே?”

கதிரித்தம்பி கம்பியருகே வந்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“முதல் தாள் வந்த அண்டைக்கு எனக்குப் பயம் இருக்கேல்லை, ஐயா.”

அவர் காத்திருந்தார்.

அவன் அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கந்தோருக்குத் திரும்பி வந்தபோது அத்தியட்சகர் மேசையருகே நின்றார். இந்தத் தடவையாவது எல்லாம் சரிதானா என்று கேட்டார்.

பாதி எழுதிய தாளின் மேல் அவர் கோப்பு ஒன்றை இழுத்து வைத்தார்.

“சரி, சேர்.”

அதைக் கதிரித்தம்பிக்காகச் சொன்னாரா, இன்னொரு தடவை அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நிற்கத் தைரியமில்லாமல் சொன்னாரா என்று அவரைக் கேட்பதற்கு ஆளில்லை. முத்திரையை வேறு யாரும் பார்க்கவில்லை.