தூக்க முடியாததற்குத் தனி

விபத்தில் முதுகு முறிந்த லாரி ஓட்டுநர் இடுப்புப் பட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே இன்றும் அதே வெள்ளைக் கார். பாதி இறங்கிய கண்ணாடிக்குள் காப்பீட்டு நிறுவனத்து ஆளின் கேமரா வெயிலில் மினுங்குகிறது. மூன்று வயது மகள் ஓடி வந்து இரண்டு கைகளையும் உயர்த்துகிறாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மனைவி பதறுகிறாள். "குனிஞ்சிடாதீங்க! வலிக்குத் தனி, சம்பளம் போனதுக்குத் தனி, புள்ளயத் தூக்க முடியாததுக்குத் தனின்னு வக்கீல் நஷ்டஈடு கேட்டிருக்காரு. வீட்டுக்குள்ளயும் தூக்கிடாதீங்க, இவ ஊரெல்லாம் சொல்லிடுவா." மனு போட்டபோது அது சத்தியம்தான். போன மாதம் வலி விட்டுவிட்டது. இனி மாற்றிச் சொன்னால் மற்றதையும் யார் நம்புவார்கள்? புலி வாலைப் பிடித்தாயிற்று. அவர் விரல்கள் முழங்காலை இறுக்குகின்றன. மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளைத் தானே இறக்கிக்கொள்கிறாள். "அப்பாக்கு வலிக்கும்" என்றபடி பின்னால் போய், வலியே இல்லாத முதுகை மெல்லத் தடவிக்கொடுக்கிறாள்.