வியாகுல மாதா அழ வேண்டும்

“கையில அடின்னு சொல்லாதீங்க. நெஞ்சுல இரும்பு விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க. மூச்சு இருக்கான்னு கேட்டா, பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சுக்கங்க.”

பாக்கியநாதன் வாத்தியார் இதை விக்டரின் காதோடு சொன்னார். படுதாவுக்கு அந்தப் பக்கம் பாலக்கரையே திரண்டு வந்து பாஸ்கா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தது. இயேசுவைச் சிலுவையில் அறைந்தாயிற்று. அடுத்த காட்சியில் அவரை இறக்கி மாதாவின் மடியில் கிடத்த வேண்டும்.

“சூசைக்கு நிஜமாவே ஏதாவது ஆயிடுச்சா சார்?” என்று விக்டர் பதறினார். அவர் வாத்தியாரின் பள்ளிக்கூடத்திலேயே டிராயிங் மாஸ்டர். நாடகத்துக்குப் படுதா எழுதுவதும் அவர்தான்.

“ஒண்ணும் ஆகல. பட்டறையில அவன்பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்கான். ஆனா அவங்கம்மா அழணும். நிஜமா அழணும்.”

சூசையின் அம்மா வியாகுலம்மாள் கான்வென்ட்டில் தையல் வேலை செய்பவள். ஒரே மகனைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவள். மாதா வேஷம் அவளுக்குத்தான். ஆனால் பெயரில் இருக்கும் வியாகுலம் முகத்தில் மட்டும் வரவே வராது. போன வருஷம் “என் மகனே, என் மகனே” என்று அவள் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். முன்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இந்த வருஷமும் சிரிப்பு எழுந்தால் நாடகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று பங்குச் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். வாத்தியாருக்கு அந்த நாடகம்தான் உயிர்.

போன மாசம் டவுனில் பிலிம் சொசைட்டிக்காரர்கள் ஓர் ஐரோப்பியப் படம் போட்டார்கள். அதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அலறிய அலறலில் வாத்தியாருக்கு உடம்பே நடுங்கிவிட்டது. படம் முடிந்ததும் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் எழுந்து அந்த டைரக்டரின் வண்டவாளத்தைச் சொன்னார். காமிரா ஓடுவதற்கு முன்னால், ‘உன் குழந்தை லாரியில் அடிபட்டுவிட்டது’ என்று நடிகையிடம் பொய் சொன்னானாம். அந்த அலறல் அப்படி வந்ததுதானாம்.

அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது விக்டர் பொருமித் தீர்த்தார். “அவனெல்லாம் ஒரு மனுஷனா சார்? இனிமே அவன் படம் இருக்கிற திசைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

“ஆளை விடுங்க, படத்தைப் பாருங்க. அவன் யோக்கியனா இருந்து படம் சப்புனு இருந்தா, நீங்களும் நானும் போயிருப்போமா?”

“அந்தப் பொம்பளைகிட்ட கேட்டா வேற மாதிரி சொல்லுவா சார்.”

“அவ அழுகை நூறு வருஷம் நிக்கும் விக்டர். வேறென்ன வேணும்?”

இப்போது விக்டர் நகராமல் நின்றார். “பாவம் சார்” என்றார்.

“அஞ்சு நிமிஷப் பாவம்தான். படுதா விழுந்ததும் நானே போய்ப் பொய்யுன்னு சொல்லிடறேன். போங்க, போங்க.”

மேடையின் எதிர்ப்பக்கம் மாதா வேஷத்தோடு வியாகுலம்மாள் காத்திருந்தாள். விக்டர் அந்தப் பக்கமாகத் தயங்கித் தயங்கி நடந்தார்.

தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த வார்ப்படப் பட்டறையில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிற நேரமும் இல்லை, தொடங்குகிற நேரமும் இல்லை. நல்ல சமயத்தில் கழுத்தை அறுக்கிறான்கள் என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

படுதாவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் தன் மகன் அருளப்பனுக்கென்று போட்டிருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. படிப்பு ஏறாமல் சூசையோடு அதே பட்டறையில் வேலை பழகுகிற பிள்ளை. இன்றைக்கு அவனுக்கு லீவு. முதல் ஆளாக வந்து உட்காருவேன் என்று சொல்லியிருந்தான். எந்த டீக்கடையில் அரட்டையோ என்று நினைத்துக்கொண்டார்.

படுதா உயர்ந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய உடல் நடுமேடையில் கிடந்தது. மெதுவாக நடந்து வர வேண்டிய வியாகுலம்மாள் தலைதெறிக்க ஓடி வந்தாள். நீல முக்காடு நழுவித் தரையில் புரண்டது. அந்த உடலருகே விழுந்து, வாத்தியார் நின்ற பக்கமாகக் கையை நீட்டி, “அய்யோ, மகனே! மகனே!” என்று ஓலமிட்டாள்.

கூட்டத்தில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கடலை கொறித்தவர்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

‘என்’ என்ற சொல்லை அவள் விட்டுவிட்டதை வாத்தியார் கவனித்தார். வசனத்தில் ஒரு சொல் குறைந்தால் குறையட்டும், அழுகை வந்துவிட்டதே! சந்தோஷத்தில் அவருக்கே கண் கலங்கியது.

படுதா விழுந்ததும் மேடைக்கு ஓடினார். வியாகுலம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பட்டறைச் சட்டையோடு இரண்டு பேர் நின்றார்கள். சட்டையெல்லாம் கரியும் எண்ணெயும். பொய்யை நம்பவைக்க ஆளையே பிடித்து வந்துவிட்டாரே, விக்டர் கெட்டிக்காரர்தான் என்று வாத்தியார் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

“எழுந்திருங்கம்மா. சூசைக்கு ஒண்ணும் ஆகல. அழுகை வரணுமேன்னு நான்தான் விக்டரைப் பொய் சொல்லச் சொன்னேன். மன்னிச்சுக்கங்க.”

“நான் சொல்லல சார்.” விக்டர் முன்னால் வந்தார். “சொல்ல வாய் வரல. அதுக்குள்ள இந்தப் பட்டறை ஆளுங்க உங்களைத் தேடிக்கிட்டு ஓடி வந்துட்டாங்க.”

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. “பின்ன எதுக்கும்மா அழுதீங்க?”

வியாகுலம்மாள் நிமிர்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“சூசைக்குக் காய்ச்சல் சார். அவனுக்குப் பதிலா இன்னிக்கு வேலைக்குப் போனது உங்க அருளப்பன்.”