ஒன்பது தெளிவான படங்கள்

“காரணம்னு இருக்கிற கட்டத்தைக் காலியா விடக் கூடாது முனீரா. படிக்கிறவங்க குழம்பிடுவாங்க,” என்றார் அப்துல் கையூம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு முட்டும் அளவுக்குத் திரையில் குனிந்தார்.

“ஓகே லா நானா, எதையாவது போடுங்க,” என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த எச்.ஆர். மேனேஜர் முனீரா.

எதையாவது போடுவதா! பத்தொன்பது வருடமாக இந்த டன்லப் ஸ்ட்ரீட் மாடி ஆபீஸில் மேனுவல் எழுதுகிற மனிதர் அவர். கட்டத்துக்குள் ‘டெஸ்ட் டெஸ்ட்’ என்று தட்டி எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனி விற்பது ஊழியர் நிர்வாக சாஃப்ட்வேர். லீவு, சம்பளம், மெடிக்கல் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆபீஸின் சொந்த நிர்வாகமும் அதே சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. இன்று படம் எடுக்க வேண்டிய பகுதி, ‘வேலையிலிருந்து விலகுவது எப்படி’.

அந்தத் தலைப்பைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. டைரக்டர் ரத்னவேல் இரண்டு தடவை கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா லெட்டர் கொடுத்துட்டா கௌரவமா இருக்கும்,” என்று சொல்லிப் பார்த்துவிட்டார். கையூம் மசியவில்லை. அடுத்த புதன்கிழமை மனைவி ஃபஸீலாவுக்கு இதய ஆபரேஷன். கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பித்தான் தேதி வாங்கியிருந்தார். வேலை போனால் அதுவும் போகும்.

அதனால்தான் போன வாரம் முனீரா இந்தப் புது மேனுவலைக் கொடுத்ததும் அவருக்கு மூச்சு வந்தது. “அனுப்ப நினைக்கிறவங்க புது வேலை கொடுப்பாங்களா?” என்று வீட்டில் போய்க் கேட்டார். ஃபஸீலா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

“பேர்ங்கிற கட்டத்துல யாரைப் போடறது?” என்று இப்போது கேட்டார் கையூம்.

“மத்தவங்க விவரத்தை வெளியே காட்டக் கூடாது, சட்டம் இருக்கு. உங்க லாகின்லயே எடுத்திடுங்க நானா. நான் அனுப்பின லிங்க் டெஸ்ட் சிஸ்டம்தானே, நிஜ ரெக்கார்டுல ஏறாது.”

ஆபீஸில் எல்லாருக்கும் அவர் மிஸ்டர் கையூம். இவள் ஒருத்திதான் கூடப் பிறந்த அண்ணனைக் கூப்பிடுவது போல நானா என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மனிதர் உருகிவிடுவார்.

“கடைசி வேலை நாள்?”

“இன்னைக்குத் தேதியே போடுங்க.”

போட்டார். காரணக் கட்டத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று ஆங்கிலத்தில் தட்டினார். வரி குட்டையாக இருந்ததால் கட்டம் வெறிச்சென்று தெரிந்தது. ‘யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் முழு விருப்பத்துடன்’ என்று அவராகவே சேர்த்தார். இப்போது பார்க்க லட்சணமாக இருந்தது.

“சூப்பர் நானா,” என்றாள் முனீரா. அதை மனதாரத்தான் சொன்னாள்.

படத்தின் கீழ் மூலையில் இருந்த தேதியையும் நேரத்தையும் வழக்கம் போல வெட்டப் போனார்.

“அதை வெட்டாதீங்க.”

“ஏன்மா? அடுத்த வருஷமே மேனுவல் பழசாத் தெரியுமே!”

“தெரியட்டும். இந்தத் தடவை அதுவும் தெளிவா இருக்கணும்.”

இவளுக்கு என்ன தெரியும் மேனுவலைப் பற்றி என்று முணுமுணுத்தார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் அமுக்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டார், அம்புக்குறி போட்டார். எட்டுப் படம் ஆயிற்று. எட்டாவதில் ‘சமர்ப்பி’ பட்டன் பளிச்சென்று நின்றது.

அமுக்குங்கள் என்று முனீரா சொல்லவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

“நிறைய பேர் பட்டனோட நிறுத்திடுவாங்க,” என்றார் கையூம். “தப்பு. அமுக்கினா என்ன ஆகுமோன்னு படிக்கிறவங்களுக்குப் பயமா இருக்கும். அடுத்து வர்ற பக்கத்தையும் காட்டணும்மா.”

“நீங்க சொன்னா சரிதான் நானா.”

அமுக்கினார். ‘உங்கள் ராஜினாமா சமர்ப்பிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. ஒன்பதாவது படம் எல்லாவற்றையும்விட அழகாக விழுந்தது.

முனீரா ஒன்பதையும் பிரிண்ட் எடுத்தாள். ஓரத்தில் துளை போட்டு ஒரு ஃபைலில் கோத்தாள். ஃபைலின் மேல் அவருடைய பெயரும் ஊழியர் எண்ணும் இருந்தன.

“அது என்னோட பெர்சனல் ஃபைல்மா. மேனுவல் ஃபைல் அந்த அலமாரில இருக்கு.”

அவள் நிமிரவில்லை. கைபேசியில் ஏதோ செய்தி வந்தது. படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“சரி, மாதிரிக்குப் போட்டதை நான் அழிச்சிடறேன். இல்லாட்டி சிஸ்டத்துல குப்பை சேரும்,” என்று மவுஸைப் பிடித்தார் கையூம். ‘ரத்து செய்’ பட்டன் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு தடவை அமுக்கினார். இரண்டு தடவை அமுக்கினார். அசையவில்லை.

“என்ன முனீரா, இது வேலை செய்ய மாட்டேங்குது?”

முனீரா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“டைரக்டர் ஏத்துக்கிட்டாரு, மிஸ்டர் கையூம்.”